பெரிய எறும்பு கிடைத்தால் முதலில் என்ன பார்ப்பது? வேலூர்ப் பக்கத்துப் புதிய வளர்ப்பாளர்களுக்கான அடையாள வழிகாட்டி

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர்ப் பக்கங்களில் எறும்பு வளர்க்க விரும்பும் எவருடைய கண்ணிலும் முதலில் படுவது பெரிய எறும்புதான். மழை பெய்து ஓய்ந்த மாலையில் வாசல் விளக்கின் கீழே ஒரு விரற்கடை நீளத்தில் கருப்பாக ஏதோ ஊர்ந்து போகும். அதை அப்படியே ஒரு டப்பாவில் பிடித்துப் போட்டு, ராணி எறும்பு கிடைத்துவிட்டது என்று நம்பிக்கொள்வது வழக்கம். அது ராணியா, வேலைக்கார எறும்பா, எறும்பே அல்லாத வேறு பூச்சியா என்பதைத் தெரிந்துகொள்ளாமல் வளர்ப்பில் இறங்கினால் அந்த உயிர் சில நாள்களில் செத்துப்போகும். ஏனென்றால் ஓர் இனத்தின் ராணியை உணவே தராமல் இருட்டில் வைக்க வேண்டும். அதே முறையில் வைத்தால் இன்னோர் இனத்தின் ராணி பட்டினியால் மடியும். வேறொரு பேரினத்திலோ ராணி என்ற தனிப்பிறவியே கிடையாது. ஆகையால் அடையாளம் காண்பது ஆர்வத்துக்காகச் செய்யும் கூடுதல் வேலையன்று, வளர்ப்பின் முதல் வேலையே அதுதான். அந்த வேலையில் உடலின் பருமன் மிகக் குறைவாகவே உதவும் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

எறும்புதானா என்று பாருங்கள்

மழைக்காலத்தில் விளக்குக்கு வரும் இறகுள்ள பூச்சிகளில் பெரும்பாலானவை ஈசல்கள். ஈசலின் நான்கு இறகுகளும் ஒரே நீளத்தில் இருக்கும். உணர்கொம்பு மணி கோத்ததுபோல நேராக இருக்கும். மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே இடுப்பு ஒடுங்கியிராது. எறும்புக்கு முன்னிறகு பெரியது, பின்னிறகு சிறியது. உணர்கொம்பு முழங்கைபோல மடங்கியிருக்கும். மார்பை அடுத்து மெல்லிய இடுப்பும் அதில் ஒன்றோ இரண்டோ கணுவும் தெளிவாகத் தெரியும்.

விளக்கடியில் புதியவர்களைப் பெரிதும் ஏமாற்றுவது டோரைலஸ் என்னும் பேரினத்தின் ஆண் எறும்பு. இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டிய நீளம், பழுப்பு நிறம், உருளையாக நீண்டு தொங்கும் வயிறு, சிறிய தலையில் பெரிய கண்கள் என்று பார்ப்பதற்குக் குளவிபோலவே இருக்கும். 'இவ்வளவு பெரிதாக இருப்பதால் ராணியாகத்தான் இருக்க வேண்டும்' என்று பலர் இதைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். ஆண் எறும்பு கூடு அமைக்காது. சில நாள்களில் தானாகவே இறந்துவிடும். அதே பேரினத்தின் வேலைக்கார எறும்புகள் மண்ணுக்குள்ளேயே வாழ்பவை, மிகச் சிறியவை. அதனால் இந்த ஆண் எந்த இனத்தைச் சேர்ந்தது என்று உருவத்தை ஒப்பிட்டு ஊகிக்கவும் வழியில்லை.

பகலில் ஏமாற்றுபவை வேறு. அவரை, காராமணிச் செடிகளில் கருப்பெறும்புபோல ஓடுவது ரிப்டார்டஸ் என்னும் நாவாய்ப்பூச்சியின் குஞ்சாக இருக்கலாம். அதன் வாயில் தாடை இருக்காது, ஊசிபோன்ற உறிஞ்சுகுழல் மடங்கியிருக்கும். எறும்புச் சிலந்தி தன் முன்னங்கால்களை உணர்கொம்புபோலத் தூக்கி ஆட்டிக்கொண்டு நடக்கும். எட்டுக் கால்களை எண்ணிவிட்டால் தெரிந்துவிடும், துரத்தினால் ஒரு நூலில் தொங்கி இறங்கிவிடும். மூன்றாவதாக, உடலெங்கும் மயிரடர்ந்து சிவப்பும் கருப்புமாக, வெள்ளைப் புள்ளிகளோடு தரையில் விரைந்து ஓடும் வெல்வெட் எறும்பு. இது இறகில்லாப் பெண் குளவி. இதன் கொடுக்கு மிகவும் வலிக்கும். வெறுங்கையால் தொடக் கூடாது.

பிடிப்பதும் அளப்பதும்

பெரிய எறும்பை விரலால் பிடிக்க வேண்டாம். கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து, அடியில் ஒரு தபால் அட்டையை நுழைத்து எடுப்பதே எளிது. கட்டெறும்பு கடிப்பதோடு கடித்த இடத்தில் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும், அவ்வளவுதான். அதற்குக் கொடுக்கு இல்லை. ஆனால் கீழே சொல்லப்போகும் வேறு சில பெரிய எறும்புகளுக்கு நல்ல கொடுக்கு உண்டு. கொட்டியபின் மூச்சுத்திணறல், முகவீக்கம், உடலெங்கும் தடிப்பு ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் அது ஒவ்வாமை. வீட்டு மருந்து பார்த்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அளப்பதற்கு ஒரு மில்லிமீட்டர் கட்டம் போட்ட வரைபடத்தாள் போதும். எறும்பை ஒளி ஊடுருவும் சிறு டப்பாவில் விட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் சில நிமிடம் வைத்தால் அசைவு குறையும். உறைநிலைப் பெட்டியில் வைத்தால் செத்துவிடும். டப்பாவின் அடியில் தாளை வைத்து, தாடையின் முனையிலிருந்து வயிற்றின் நுனிவரை அளக்க வேண்டும். கால்களையும் உணர்கொம்பையும் சேர்க்கக் கூடாது. இப்படி அளந்து பார்த்தால், 'மூன்று சென்டிமீட்டர் இருக்கும்' என்று சொல்லப்பட்ட எறும்பு பெரும்பாலும் ஒன்றரை சென்டிமீட்டருக்கு வந்து நிற்கும்.

அதே நேரத்தில் மூன்று படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டுத் தோற்றம் முதன்மையானது. இடுப்புக் கணுவும் முதுகின் வளைவும் அதில்தான் தெரியும். இரண்டாவது, முகம் நேராகத் தெரியும் படம். மூன்றாவது, மேலிருந்து எடுப்பது. கைப்பேசியில் மாட்டும் மேக்ரோ லென்ஸோ, நகை ஆசாரியும் கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவரும் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸோ இருந்தால் இந்தக் கட்டுரையில் சொல்லும் அடையாளங்கள் அத்தனையையும் பார்த்துவிடலாம். மேலிருந்து எடுத்த ஒரே ஒரு மங்கலான படத்தை வைத்துக்கொண்டு பெயர் கேட்பதில் பயனில்லை. எத்தனை அனுபவசாலியாக இருந்தாலும் அதற்கு மேல் ஊகம்தான் சொல்ல முடியும்.

ராணியா, பெருந்தலை வேலைக்காரனா

புதியவர்கள் அதிகமாகத் தடுமாறும் இடம் இது. கட்டெறும்பின் ஒரே கூட்டில் 7, 8 மி.மீ. நீளமுள்ள சிறு வேலைக்கார எறும்புகளும், 15 மி.மீ.க்கும் மேற்பட்ட நீளத்தில் பெருத்த தலையோடு காவல் காப்பவையும், இடைப்பட்ட அளவுகளில் பலவும் இருக்கும். இவை அனைத்தும் ஒரே தாயின் பிள்ளைகள். பெருந்தலையைத் தனியாகப் பார்ப்பவர், 'இது வேறு இனம்' என்றோ, 'இது ராணி' என்றோ நினைப்பதில் வியப்பில்லை.

இதற்கு விடை தலையில் இல்லை, மார்பில் இருக்கிறது. ராணி ஒரு காலத்தில் பறந்தவள். இறகுத் தசைகள் இருந்த மார்பு உயர்ந்து பருத்து, மேற்புறம் பல தட்டுகளாகப் பிரிந்திருக்கும். இறகை உதிர்த்த பின்னும் இரு பக்கங்களிலும் இறகு முறிந்த அடித்தழும்புகள் சிறு வடுக்களாகத் தெரியும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் நெற்றியின் உச்சியில் முக்கோணமாக மூன்று சிறு தனிக்கண்கள் மினுங்கும். பெருந்தலை வேலைக்கார எறும்பின் தலை ராணியின் தலையைவிட அகன்றும் இருக்கலாம். ஆனால் மார்பு ஒடுங்கி, பக்கவாட்டில் ஒரே வில்வளைவாக இருக்கும். ராணியை எடுத்துப் பார்த்தால் மார்பு ஏறத்தாழத் தலையளவு அகலத்தில் இருக்கும். இந்த ஒரு வேறுபாட்டைக் கண் பழகிக்கொண்டால் லென்ஸ்கூட வேண்டியதில்லை.

வேலைக்கார எறும்பைத் தனியாகக் குழாயில் அடைத்து வைத்துக் கூடு உருவாகும் என்று காத்திருப்பது வீண். அதைப் பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம்.

இடுப்பைப் பார்த்துப் பிரியுங்கள்

இந்தியாவில் 800-க்கும் மேற்பட்ட எறும்பு இனங்கள் பதிவாகியிருக்கின்றன. அவற்றுள் நம் பகுதியில் பெரியவை என்று சொல்லத்தக்கவை சில பேரினங்களே. அவற்றைப் பிரிக்க இடுப்பே தலைசிறந்த வழிகாட்டி.

இடுப்பில் இரண்டு கணுக்கள் இருந்தால் அது கட்டெறும்பு இல்லை. நம் ஊர்ச் சாலையோர மரங்களில், பட்டுப்போன கிளைகளில் ஏறி இறங்கும் டெட்ராபொனெரா ரூஃபோநைக்ரா இந்த வகை. ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட ஒல்லியான உடல், கருத்த தலை, செந்நிற மார்பு, கருத்த வயிறு. பார்க்க அழகானது, கொடுக்கோ கடுமையானது. இதன் கொட்டு கடும் ஒவ்வாமையைத் தூண்டிய நிகழ்வுகள் மருத்துவப் பதிவுகளில் உள்ளன. புதியவர் வளர்க்கத் தேர்ந்தெடுக்க வேண்டிய எறும்பு இதுவன்று. கணு இரண்டு, வயிறு கீழ்நோக்கி வளைந்து தொங்குகிறது, உணர்கொம்பில் ஏழே கண்டங்கள் என்றால் அது மிர்மிகாரியா, அளவில் நடுத்தரமானது.

ஒரே கணு இருந்து, வயிற்றின் முதல் வளையத்துக்கும் இரண்டாம் வளையத்துக்கும் நடுவே ஓர் இறுக்கம் தெரிந்தால் அது பொனெரினே என்னும் வேட்டை எறும்புக் கூட்டம். எல்லாவற்றுக்கும் கொடுக்கு உண்டு. நம் பகுதியில் எளிதில் பார்க்கக் கிடைப்பது டயகாம்மா. ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளம். லென்ஸில் பார்த்தால் கருத்த உடலெங்கும் சீப்பால் வாரியதுபோல நெருக்கமான வரிகள் ஓடும். கூட்டத்தோடு வரிசையில் போகாது, தனியாகவே இரை தேடும். கூடு மாறும்போது மட்டும் ஒன்றன் பின் ஒன்றாக, பின்னால் வருவது முன்னே போவதை உணர்கொம்பால் தொட்டுக்கொண்டே நடக்கும். கூட்டின் வாயைச் சுற்றிப் பறவை இறகுகளும் சருகுகளும் செருகி வைத்திருப்பதைக் கண்டால் பெரும்பாலும் டயகாம்மாதான். வறண்ட நாள்களில் அந்த இறகுகளில் படியும் பனித்துளி அதற்குக் குடிநீராகிறது. இந்தப் பேரினத்தில்தான் ராணி என்ற பிறவி கிடையாது. இணை சேர்ந்த ஒரு வேலைக்கார எறும்பே முட்டையிடுகிறது. எனவே டயகாம்மா ராணியைத் தேடி அலைபவர் எத்தனை மழைக்காலம் காத்திருந்தாலும் கிடைக்காது.

அதே கூட்டத்தில் லெப்டோஜெனிஸ் இரவில் நீண்ட வரிசையாகப் படையெடுத்துக் கரையான்களைச் சூறையாடும். தனி எறும்பு பெரிதாகத் தெரியாவிட்டாலும் வரிசையைப் பார்த்தவர் மறக்க மாட்டார். இன்னொன்று, பார்த்த கணமே பெயர் சொல்லிவிடக்கூடிய ஹார்பெக்னதாஸ் சால்டேட்டர், குதிக்கும் எறும்பு. ஒன்றரை சென்டிமீட்டர் அளவு. முன்னோக்கி நீண்டு மேல்வளைந்த இடுக்கித் தாடைகள். முகத்தின் முன்பக்கத்தில் மிகப் பெரிய கண்கள். அச்சுறுத்தினால் ஓடாமல் துள்ளும். தென்னிந்திய எறும்புகளைப் பட்டியலிட்ட ஜெர்டன் என்னும் படை மருத்துவர் 1851-இல் இதற்கு அறிவியல் பெயரிட்டார். 2010-இல் முதன்முதலில் மரபணுத்தொகுதி வரிசைப்படுத்தப்பட்ட இரண்டு எறும்புகளுள் இதுவும் ஒன்று. இதன் ராணி கூடு தொடங்கும்போது வெளியே வந்து வேட்டையாடும் வழக்கமுடையது. கட்டெறும்பு ராணியைப்போல அடைத்து வைத்தால் பிழைக்காது; உயிருள்ள சிறு வெட்டுக்கிளியோ சில்வண்டுக்குஞ்சோ தவறாமல் கொடுத்தாக வேண்டும்.

ஒரே கணு, வயிற்றில் இறுக்கம் இல்லை, கொடுக்கு இல்லை, வயிற்று நுனியில் மயிர் சூழ்ந்த சிறு வட்டத்துளை: இவை நான்கும் சேர்ந்தால் கட்டெறும்பும் முசுறும் அடங்கிய ஃபார்மிசினே கூட்டம். மாமரத்தில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் செம்பழுப்பு முசுறை யாரும் அடையாளம் தவறார். ஆனால் கூடு கட்டப் பறந்து வந்த முசுறு ராணி பச்சை நிறத்தில், வேலைக்கார எறும்பைவிட மிகப் பெரிதாக இருக்கும். அதைக் கண்டு இது ஏதோ புதிய இனம் என்று திகைப்பவர் உண்டு. மார்பிலும் இடுப்புக் கணுவிலும் முள் நீட்டிக்கொண்டிருந்தால் அது பாலிராக்கிஸ். முள் இல்லாமல், முதுகு பெரும்பாலும் ஒரே சீரான வளைவாக இறங்கி, உணர்கொம்பின் அடிக்குழி வாய்க்கு மேலுள்ள முகத்தட்டின் விளிம்பை ஒட்டாமல் சற்றுத் தள்ளிப் பின்னால் அமைந்திருந்தால், அது கட்டெறும்புப் பேரினமான காம்போனோட்டஸ். கடைசி அடையாளத்துக்காகத்தான் முகத்தை நேராகப் படமெடுக்கச் சொன்னேன்.

கட்டெறும்புக்குள் எது

உலகில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட பேரினம் இது. நம் வீட்டுத் தோட்டத்தில், வேப்பமரத்து வேரடியில், சீமைக்கருவேலங்கிளையில் அசுவினியின் தேன்கழிவைக் குடித்துக்கொண்டிருக்கும் மங்கலான கருப்பெறும்பு பெரும்பாலும் காம்போனோட்டஸ் கம்ப்ரெஸ்ஸஸ். வயிற்றில் பொன்னிறமோ வெள்ளிநிறமோ ஆன மென்மயிர்ப் படலம் இருக்காது, பளபளப்பும் குறைவு. வயிறு பட்டுத்துணிபோலப் பொன்னிறமாக மின்னினால் காம்போனோட்டஸ் செரிசியஸ். அதன் தலை சில இடங்களில் சிவந்தும் இருக்கும், உடல் கம்ப்ரெஸ்ஸஸைவிடச் சிறியது. சாம்பல் கலந்த வெள்ளிப்பூச்சு தெரிந்தால் காம்போனோட்டஸ் பாரியஸ் பக்கம் பார்க்கலாம். மலைப்பக்கத்தில் சிறு வேலைக்கார எறும்பின் தலை பின்புறம் கழுத்துபோல ஒடுங்கி நீண்டிருந்தால் அங்குஸ்டிகோலிஸ் என்ற இனத்தை நினைவில் கொள்ள வேண்டும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஒரே ஓர் எறும்பை வைத்து முடிவு செய்யாமல், அதே கூட்டின் சிறியது, நடுத்தரம், பெருந்தலை மூன்றையும் பார்த்தால் பாதி ஐயம் தீரும். மேற்சொன்ன கழுத்து பெருந்தலையில் தெரியாது, சிறியதில்தான் தெரியும். கூட்டைக் கிளறும்போது வெள்ளையாக அள்ளிக்கொண்டு ஓடுபவற்றையும் கவனியுங்கள்: காம்போனோட்டஸின் கூட்டுப்புழு பழுப்பு வெள்ளைப் பட்டுறைக்குள் இருக்கும், இரண்டு கணு உள்ள எறும்புகளின் கூட்டுப்புழு உறையின்றிக் கால்கள் தெரியக் கிடக்கும்.

இணையத்தில் படத்தை ஒப்பிடுபவர்கள் அடிக்கடி டைனோமிர்மெக்ஸ் கைகாஸ் என்ற பெயரைச் சொல்வார்கள். அது மலாய்த் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ மழைக்காடுகளின் இராட்சத எறும்பு. பாலாற்றங்கரையில் அதற்கு வேலையில்லை. பெயரைத் தேடுமுன், அந்த இனம் தென்னிந்தியாவில் பதிவாகியிருக்கிறதா என்று ஆண்ட்வெப், ஆண்ட்விக்கி போன்ற தரவுத்தளங்களில் பார்த்துவிடுங்கள். பிங்காம் 1903-இல் வெளியிட்ட பிரிட்டிஷ் இந்திய எறும்பு நூலின் அடையாள அட்டவணை இன்றும் பயன்படும்; ஆனால் அதிலுள்ள பெயர்கள் பல பின்னர் மாறியவை. எல்லாம் பார்த்தும் இனம் உறுதியாகாவிட்டால் 'காம்போனோட்டஸ், இனம் உறுதியாகவில்லை' என்று எழுதி வைப்பதே நேர்மையானது. வளர்ப்பு முறையைத் தீர்மானிக்கப் பேரினம் வரை தெரிந்தாலே பெரும்பாலும் போதும்.

பெயர் தெரிந்த பின்

காம்போனோட்டஸ் ராணி என்று உறுதியானால், பாதி நீர் நிரப்பிப் பஞ்சு அடைத்த சோதனைக்குழாயில் விட்டு, வாயையும் பஞ்சால் மூடி, இருட்டில் வைத்துவிடுங்கள். தன் உடற்கொழுப்பையும் பறந்த தசைகளையும் கரைத்தே முதல் குஞ்சுகளை வளர்க்கும். முதல் வேலைக்கார எறும்புகள் வெளிவர ஒன்றிலிருந்து இரண்டு மாதமாகலாம். அதுவரை உணவு வேண்டாம், தினம் எடுத்துப் பார்ப்பதும் வேண்டாம். வேலூர்க் கோடையில் வெயில் 40 பாகையைத் தாண்டும் நாள்களில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியிலோ அலமாரியின் மேல்தட்டிலோ குழாயை வைக்காதீர்கள். தரையோடு, தண்ணீர்ப்பானை வைக்கும் மூலையில் வைத்தால் தாங்கும். பின்னர் தேன்நீரும் கொன்ற ஈயும் சிறிதளவு போதும்.

அமிர்தி, ஜவ்வாது மலைப் பக்கங்களில் பெரும்பகுதி காப்புக்காடு. அங்கே படம் எடுத்துக்கொண்டு திரும்புங்கள். எறும்பை எடுத்துவர வேண்டாம். வெளிநாட்டவருக்கு ராணி விற்கும் ஆசை யாருக்கேனும் இருந்தால், 2025-இல் கென்யாவிலிருந்து ராணி எறும்புகளைக் கடத்த முயன்றவர்கள் நீதிமன்றத்தில் பெருந்தொகை அபராதம் கட்டிய செய்தியைத் தேடிப் படிக்கட்டும். இந்தியாவிலும் பல்லுயிர்ச் சட்டம், 2002 இத்தகைய ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துகிறது.

கடைசியாகக் குழாயில் ஒட்டும் சீட்டு. பிடித்த தேதி, நேரம், ஊர், மழை பெய்ததா, விளக்கடியிலா மரத்தடியிலா, நீளம் எத்தனை மி.மீ., இடுப்பில் எத்தனை கணு, வயிற்றில் மயிர்ப் படலம் உண்டா, எதை வைத்து அந்தப் பெயரை வைத்தீர்கள் என்பவை அதில் இருக்க வேண்டும். பெயரைப் பென்சிலால் எழுதுங்கள். முதல் வேலைக்கார எறும்புகள் வந்தபின் அவற்றையும், கூடு பெருகிப் பெருந்தலைகள் தோன்றும்போது அவற்றையும் திரும்ப லென்ஸில் பார்த்து அந்தப் பெயரைச் சரிபார்க்க வேண்டியிருக்கும்.